எப கீ வேலை செய்யவில்லை

'பாட்டிக்குப் பல் இல்லை' என்று நான் மொழிபெயர்த்த வரி, 'பாட்டிக்குப் பல இல்லை' என்று பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை பதிப்பாளர் கூப்பிட்டார். "என்னம்மா, பாட்டிக்கு என்னென்ன இல்லைன்னு ஒரு பட்டியல் குடுத்தா நல்லா இருக்கும்" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசுவார். "பல்லு போனாக்கூடப் பரவால்ல. பதினாலாம் பக்கத்துல கல்வி அமைச்சர் வர்றாரே, அதை ஒரு தரம் பாத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். புள்ளி போன கல்வி என்ன ஆகும் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று 2022 டிசம்பர் 8, வியாழக்கிழமை. ஜனவரி முதல் வாரம் நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிடும். அதற்குள் அந்தச் சிறுவர் நாவல் அச்சாகி வந்தாக வேண்டும். இன்னும் ஏழு அத்தியாயம் பாக்கி. கோப்பைத் திறந்து பார்த்தேன். வேர் 'வேர' ஆகியிருந்தது. கடவுள் 'கடவுள' ஆகியிருந்தார். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் புள்ளியைக் காணோம். மற்ற இடங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மூலநூலைத் தாங்கியில் நிறுத்தி, அதன்மேல் கண்ணை வைத்து, திரையையும் பார்க்காமல் அடிப்பேன் என்பதில் கூடுதல் கர்வம். அந்த வாரம் அதற்குத்தான் அடி விழுந்தது. பிழைதிருத்தியாவது சொல்லியிருக்கலாமே என்றால், 'பல' என்பதும் தமிழ்ச் சொல்தானே, அது எதற்குச் சிவப்புக் கோடு போடப் போகிறது.

அன்று சாயங்காலத்துக்குள் விட்டு விட்டு விழுந்த புள்ளி சுத்தமாக நின்றுபோனது. 'பார்த்தேன்' என்று அடித்தால் 'பாரத்தேன' என்று வந்தது, ஏதோ கதர்க் கடையில் விற்கிற தேன் மாதிரி.

நான் தமிழ்99 முறையில் அடிப்பவள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்து, அந்த ஆண்டே தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளிக்குத் தனியாக ஒரு விசை. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பதற்காக எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்குமே, அந்த எஃப்தான் புள்ளி. இடக்கைச் சுட்டுவிரல் ஓய்ந்திருக்கும் இடத்திலேயே வைத்தார்கள். தமிழில் அதிகம் அடிக்க வேண்டிய ஒன்றை, வலுவான விரலுக்குக் கீழே, எட்டிப் போகாத தூரத்தில் வைத்தவர்கள் யாரோ தமிழைத் தினமும் அடித்துப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவர்கள் இன்னொரு உதவியும் செய்திருந்தார்கள். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இணைகளுக்கும் அப்படியே. அதனால்தான் என் கோப்பில் பாதி புள்ளி இருந்து பாதி போயிருந்தது. அம்மா, அப்பா, தங்கை, தம்பி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர், இவர், யார், நான் எல்லோரும் புள்ளியை இழந்து நின்றார்கள்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா மகனுக்கு, கணினி வழியாகவே வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். 'எப கீ வேலை செய்யவில்லை.' அவன் உடனே பதில் போட்டான்: 'எப்பலேர்ந்து சித்தி?' நான் 'எப' என்று திரும்ப அடித்தேன். அவன், 'அதான் கேக்கறேன், எப்பலேர்ந்து?' பிறகுதான் கவனித்தேன். எஃப் என்ற பெயரைத் தமிழில் எழுத ஓர் ஆய்தமும் ஒரு புள்ளியும் வேண்டும். ஷிஃப்டோடு சேர்த்து அடித்தால் ஆய்தம் வருவதும் அதே விசையில்தான். கெட்டுப்போனது தன் பெயரைக்கூட எழுதவிடாத விசை.  தொலைபேசியை எடுத்துப் பேசினேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது தமிழ் மென்பொருளை. அது இலவசம் என்பதால் வந்த சந்தேகம். காசு கொடுக்காமல் வந்தது எதன் மேலும் நமக்கு நம்பிக்கை கிடையாது. அதை நீக்கி மறுபடி நிறுவினேன். ஒன்றும் நடக்கவில்லை. "சித்தி, ஆங்கிலத்துல ஒரு எஃப் அடிங்க" என்றான் பையன். வரவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். தமிழை மாத்திரம் சந்தேகப்பட்டதற்கு உள்ளூர வெட்கமாக இருந்தது.

அடுத்து, திரையிலேயே ஒரு விசைப்பலகையை வரவழைக்கச் சொன்னான். விண்டோஸில் அது உண்டு. அதில் எஃப்பைச் சுட்டியால் சொடுக்கினேன், புள்ளி விழுந்தது. கையால் மற்ற விசைகளை அழுத்தினால் திரையில் இருக்கும் விசையும் மினுங்கியது. எஃப்பை அழுத்தினால் மட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் யூஎஸ்பி கீபோர்டு இரவல் வாங்கிச் செருகினேன். அதில் எஃப் ஜோராக வேலை செய்தது. விளையாடுகிற நேரம் வந்துவிட்டது என்று எட்டு மணிக்கு வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

"அப்ப மென்பொருள் இல்ல, டிரைவர் இல்ல. கீபோர்டேதான்" என்றான் அக்கா மகன். வலது ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று விழித்துக்கொள்ளுமாம். சட்டென்று தொட்டுவிட்டுப் போகும் அழுத்தங்களை அது கண்டுகொள்ளாதாம். அதுவாக இருக்குமோ என்று கேட்டேன். "அது வந்தா எல்லா விசையும் மந்தமாகும் சித்தி. ஒண்ணே ஒண்ணை மட்டும் பழிவாங்காது."

அந்த 'ஒண்ணே ஒண்ணு' முக்கியமான தடயம் என்று அவன் விளக்கினான். விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகள். ஒரு நெடுக்கோடும் ஒரு குறுக்கோடும் சந்திக்கும் இடம் ஒரு விசை. உள்ளே ஒரு சில்லு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, எங்கே தொடர்பு கிடைக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கோடு அறுந்தால் அதில் உட்கார்ந்திருக்கும் விசைகள் கும்பலாகச் சாகும். பலகையையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டை வயர் கழன்றிருந்தாலும் பல விசை போகும். தெருவே இருண்டால் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு வீடு மட்டும் இருண்டால் அந்த வீட்டு ஃப்யூஸ். எனக்குப் போயிருந்தது ஒரு வீட்டு ஃப்யூஸ்.

சமாதானத்துக்கு அவன் இன்னொரு கதையும் சொன்னான். ஆப்பிள் நிறுவனம் 2015இல் மெல்லிசான கணினி செய்வதற்காக 'பட்டர்ஃபிளை' என்று புதுவகை விசை ஒன்றைக் கொண்டுவந்தது. விசைக்கடியில் இடம் இவ்வளவுதான் என்பதால் ஒரு தூசு புகுந்தாலே சில விசைகள் செத்தன, சில ஒன்றுக்கு இரண்டாக அடித்தன. 2018இல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருகிறோம் என்று அறிவித்தார்கள். 2019 கடைசியில் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்கே திரும்ப ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் வழக்கும் போட்டார்கள்; 2022இல் 5 கோடி டாலர் தந்து அதை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். "உங்களுது கத்தரிக்கோல்தான் சித்தி, பொழச்சுக்கும்" என்றான். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்பதில் எனக்கு ஏன் நிம்மதி வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணினியைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லில் எஃப் இருந்தது. சொந்த வீட்டு வாசலில் சாவி இல்லாமல் நிற்பதுபோல் ஐந்து நிமிடம் நின்றேன். அந்தத் திரையின் மூலையிலும் ஒரு சின்னம் இருக்கிறது. அதைத் தொட்டால் அங்கேயும் திரை விசைப்பலகை வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நங்கநல்லூரில் காலையிலிருந்தே காற்று. வெளியே போக வழியில்லை. ஐநூறு ரூபாய்க்கு ஒரு தனிக் கீபோர்டு வாங்கிச் செருகினால் கதை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். என் மேசையில் அதற்கு இடமில்லை என்பது ஒரு காரணம். மழை ஒரு காரணம். உண்மையான காரணம் பிடிவாதம்.

அக்கா மகன் தூரத்திலிருந்தே என் கணினிக்குள் புகுந்து, பவர்டாய்ஸ் என்ற கருவியை நிறுவி, கேப்ஸ் லாக்கை எஃப்பாக மாற்றித் தந்தான். யாருக்கும் உபயோகமில்லாத அந்த விசைக்கு ஒரு வேலை கிடைத்தது. இடது சுண்டுவிரலை நீட்டினால் புள்ளி. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பதினைந்து வருஷமாகச் சுட்டுவிரலில் ஊறிய பழக்கம் எங்கே போகும்? விரல் எஃப்பைத் தட்டிவிடும், புள்ளி விழாது, அப்புறம் சுண்டுவிரல் ஞாபகம் வந்து தட்டும். அதற்குள் அடுத்த எழுத்து விழுந்திருக்கும். ஒரு பத்தியை எண்ணிப் பார்த்தேன். 42 சொல், 61 புள்ளி. அதில் தானாக விழுந்தவை 24. மிச்சம் 37 தடவை சுண்டுவிரல் தடுமாற வேண்டும், ஒரு பத்திக்கு.

நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். 'அவர்' என்று எழுத வேண்டும் என்றால் ர-வை இரண்டு தடவை அடிப்பேன். தானியங்கிப் புள்ளி முதல் ர-வில் விழுந்து 'அவர்ர' என்று நிற்கும். பின்னழிப்பு விசையை ஒரு தட்டு. கடைசி ர போய்விடும், புள்ளி தங்கிவிடும். ஒருங்குறியில் புள்ளி தனிக் குறியாக உட்கார்ந்திருப்பதால் கிடைத்த சலுகை இது. நண்பர்கள் இரண்டு பேருக்குப் பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேருமே தங்கிலீஷில் அடிப்பவர்கள். "ஓ" என்றார்கள்.

இரவு மின்சாரம் போயிற்று. பேட்டரியில் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கரை கடக்கும் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்க, சுண்டுவிரலும் வேண்டாம் குறுக்குவழியும் வேண்டாம் என்று ஓர் அத்தியாயத்தைப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படாமல் அடித்து முடித்தேன். பிற்பாடு போட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை அதை வாசித்தேன். நான் எழுதியது, முந்தின ராத்திரி எழுதியது. அதிலேயே தடுக்கி விழுந்தேன். 'கால வலி' என்றிருந்தது. காலத்தின் வலி என்று ஒரு கணம் பரவசப்பட்டுவிட்டு, அது தாத்தாவின் கால் வலி என்று மூலத்தைப் பார்த்துத் தெளிந்தேன். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்லிவிட்டது. எழுதுகிறவர்கள் ஓலைக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். புள்ளி மட்டுமா, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வித்தியாசம் கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். உ.வே. சாமிநாதையர் அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதில் மூவாயிரத்துக்கு மேல் செய்யுள்கள். மூலநூல் பக்கத்திலேயே இருந்தும் சொந்த வாக்கியத்தில் ஒரு காலைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. கும்பகோணத்துக்காரி என்ற முறையில், அவர் வேலை பார்த்த கல்லூரியைத் தினமும் கடந்து போனவள் நான். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் நான் போய்க்கொண்டிருந்தது தட்டச்சுப் பயிலகத்துக்கு. 1987, ப்ளஸ் டூ முடித்த கோடை. கீற்றுக்கொட்டகை, பன்னிரண்டு இயந்திரம், அதில் தமிழ் மூன்று. 'யளனகபக' என்று ஒரு நாள் முழுக்க அடிக்க வேண்டும்; அந்த ஆறு எழுத்தை என் தலைமுறையில் தட்டச்சு படித்தவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அங்கே புள்ளி வலது சுண்டுவிரலுக்கு. அதிலும் ஒரு விசேஷம், புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அப்புறம் அடிக்க வேண்டும். புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது, அதே இடத்தில் காத்திருக்கும். பிறகு அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். யாழ்ப்பாணத்தில் பிறந்த முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் அமைத்தபோது யோசித்த நகரா விசை இது. தமிழ்99க்கு வந்தபோது எனக்கு இரண்டும் தலைகீழாயிற்று. புள்ளி வலக்கையிலிருந்து இடக்கைக்கு வந்தது, முன்னால் இருந்தது பின்னால் போனது. அந்த மாற்றத்துக்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

பயிலகத்தில் எனக்கு ஒதுக்கிய இயந்திரம் கிழடு. உருளையின் ரப்பர் கெட்டித்துப் போயிருந்தது. நான் புள்ளியை ஓங்கி அடிப்பேன். தாளில் ஓட்டை விழும். மாஸ்டர் தாளை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். "சல்லடையா தைக்கறே? தொட்டு எடு. குத்தாதே" என்பார். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் அவரே அச்சுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வார். பழுதைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு மெஷினைத் தொட அருகதை இல்லை என்பது அவர் கட்சி. லோயர் தேறினேன், ஹையரும் தேறினேன். குத்துவதை மட்டும் விடவில்லை.

சனிக்கிழமை மதியம் மழை விட்டதும் கணினி நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். டோக்கன், நாற்காலி, ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கீபோர்டு தனியா வராது மேடம், சி பேனலோட மாத்தணும்" என்றாள். மடிக்கணினியின் நான்கு பகுதிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூடியின் முதுகு ஏ, திரையைச் சுற்றி இருப்பது பி, கை வைக்கும் தளம் சி, அடிப்பாகம் டி. விசைப்பலகையைத் தளத்தோடு சேர்த்து ரிவெட் அடித்துவிடுகிறார்கள், ஆகவே ஒரு புள்ளிக்குத் தளத்தையே மாற்ற வேண்டும். 6,800 ரூபாய், பத்து நாள். அந்தப் பெண் மேல் தப்பில்லை, அவளுக்குக் கொடுத்திருப்பது அந்த விலைப்பட்டியல்தான். இப்படி ரிவெட் அடிப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் மாஸ்டர் இருந்திருந்தால் அந்த டோக்கனைக் கிழித்துப் போட்டிருப்பார்.

ஞாயிறு ரிச்சி தெரு கிடையாது. திங்கட்கிழமை மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தேன். காஸினோ தியேட்டர் பக்கமாகப் போனால் ஐந்தாறு நிமிடம். புயல் முடிந்த ஈரம் தெருவில் அப்படியே இருந்தது. வயர் சுருள்கள், ரிமோட் குவியல், கிலோ கணக்கில் தொங்கும் சார்ஜர், நடுவில் பைக். மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ஒரு விளக்கு.

"என்னக்கா?"

"எஃப் மட்டும் விழல தம்பி."

கணினியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். எஃப்பின் மேல் இருந்த எழுத்து அழிந்து, மேடும் பாதி தேய்ந்திருந்தது. "கேம் ஆடுவீங்களாக்கா?"

"நானா?"

"இல்ல, கேம் ஆடறவங்களுக்கு டபிள்யூ ஏ எஸ் டி போகும். ஆபீஸ் லேப்டாப்னா ஸ்பேஸ் போகும், என்டர் போகும். எஃப் இப்படித் தேஞ்சு நான் பாத்ததே இல்ல."

அதுதான் புள்ளி என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுடைய போனில் 'அம்மா' என்று அடிக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் அடித்தான், தமிழில் வந்தது. என்னுடையதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விசை என்று சொல்லி, க, ங, ச எங்கே இருக்கின்றன என்று காட்டினேன். "புள்ளிக்குன்னு தனியா ஒரு கீயா!" என்று சிரித்தான். பிறகு ஒரு பழைய ஏடிஎம் கார்டை விசையின் ஓரத்தில் கொடுத்து நெம்பினான். 'டக்'கென்று எஃப் கையோடு வந்துவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உள்ளே பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், அதுதான் கத்தரிக்கோல். நடுவில் தொப்பி மாதிரி ஒரு ரப்பர் குமிழ். அதற்கும் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கோடுகள் ஓடுகின்றன. இடையில் ஓட்டை போட்ட ஒரு தாள் அவற்றைத் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. விரல் அழுத்தினால் குமிழ் மடங்கி, அந்த ஓட்டை வழியே மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும். ஓர் எழுத்துக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான்.

குமிழுக்குப் பக்கத்தில் ஓர் எள் கிடந்தது. எள்ளுருண்டை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். புள்ளி விசைக்கு அடியில் புள்ளி அளவுக்கு ஓர் எள்! கட்டுரைக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. "இதுதான் காரணமா தம்பி?"

"இது சும்மா கெடக்குதுக்கா" என்று ஊதித் தள்ளினான். எள்ளோடு ஒரு முடியும் தட்டைத் துணுக்கும் பறந்தன. பிளாஸ்டிக் தாளின் விளிம்பில் பழுப்பாக ஒரு கறையைக் காட்டினான். "டீ ஊத்துனீங்களா?"

"டீயா? இல்லையே."

"பொய் சொல்லாதீங்கக்கா. எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க."

நான் பொய் சொல்லவில்லை. கொட்டியது காபி. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, அரை டம்ளர், சர்க்கரையோடு. உடனே கவிழ்த்துத் துடைத்துவிட்டேன், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. டாக்டரிடம் சொல்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பஞ்சில் ஐபிஏ தொட்டுத் துடைத்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால், தண்ணீர் மாதிரி இருக்கும், துடைத்த நிமிடமே காய்ந்துவிடும். கறை போயிற்று. குமிழை வைத்து அழுத்தினான். புள்ளி விழவில்லை. குச்சியால் தாளை நேரடியாகத் தொட்டு அழுத்தினான். திரையில் புள்ளி, புள்ளி, புள்ளி என்று வரிசையாக விழுந்தது.

"மெம்பரேன் நல்லாருக்கு. காபியும் இல்ல. ரப்பர்தான் செத்துப்போச்சு." குமிழை இடுக்கியில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். அடிவிளிம்பைச் சுற்றி ஒரு கிழிசல். உள்ளே தாளைத் தொட வேண்டிய சின்ன முளை நசுங்கித் தட்டையாகியிருந்தது. "நீங்க எஃப்பைத் தட்டறதில்லக்கா. குத்தறீங்க."

முப்பத்தைந்து வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு ஆள், அதே சொல். நான் ஒன்றும் பேசவில்லை.

மாற்றுக் குமிழ் தேடி ஒரு பெட்டியைக் கவிழ்த்தான். செத்த கீபோர்டுகள் முப்பது நாற்பது இருக்கும். எதுவும் என் மாடலுக்குச் சேரவில்லை. ஒன்று உயரம், ஒன்று குட்டை. பிறகு என் கணினியையே பார்த்து யோசித்தான். "இதுல எந்த கீயை நீங்க தொடவே மாட்டீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இசட்டைச் சொன்னேன். தமிழ்99இல் அது ஔ. ஔவையாரையும் ஔடதத்தையும் விட்டால் வேறு எதற்கு? வருஷத்துக்கு நான்கு தடவை வந்தால் அதிகம். எங்கேயாவது இருந்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அவன் கார்டை இசட்டின் ஓரத்தில் கொடுத்துவிட்டான்.

"நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். கண்ட்ரோல் இசட் இல்லாமல் நான் எப்படிப் பிழைப்பு நடத்துவது? ஔ இல்லாமல் இருக்கலாம், செய்ததைச் செய்யாததாக்கும் விசை இல்லாமல் முடியாது. அவனும் ஒப்புக்கொண்டு கார்டை எடுத்துவிட்டான். இருவரும் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். கடைசியில் இடது மேல் மூலையில், எண் ஒன்றுக்குப் பக்கத்தில், அலை மாதிரி ஒரு குறி போட்ட விசை அகப்பட்டது. "இது எதுக்கு?" என்று அவனைக் கேட்டேன். "புரோகிராம் எழுதறவங்க அடிப்பாங்கக்கா" என்றான். எனக்கு வேண்டாம். அதன் குமிழைப் பெயர்த்து, ஊசிமுனை அளவு பசை தொட்டு எஃப்பின் இடத்தில் உட்கார வைத்து, கத்தரிக்கோலைக் கோத்து, மேலே மூடியை அழுத்தினான். 'டக்.' பசை காய்வதற்கு அரை மணி நேரம் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வரச் சொன்னான்.

திரும்பி வந்து முதலில் 'எஃப்' என்று அடித்தேன். ஆய்தமும் வந்தது, புள்ளியும் வந்தது. 250 ரூபாய் வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது, "மெதுவா அடிங்கக்கா, அடுத்த தடவை எடுக்க வேற கீ இல்ல" என்றான்.

புத்தகம் ஜனவரி 10ஆம் தேதி, காட்சி தொடங்கி நான்கு நாள் கழித்து வந்தது. பாட்டிக்குப் பல் இல்லை, கல்வி அமைச்சருக்குப் புள்ளி உண்டு. மாடலைச் சொல்லி 'ஒரிஜினல் குமிழ்' தேடித் தருவதாக அக்கா மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அந்த மூலை விசையை அழுத்தினால் இன்றுவரை ஒன்றும் விழாது. இதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.